சிபில் ஸ்கோர் திடீர்னு இறங்கிடுச்சா? ஓசூர்–அத்திப்பள்ளி எல்லை தாண்டி வேலை மாறினவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம்



"அண்ணா, நான் இதுவரைக்கும் ஒரு இஎம்ஐ கூட தவற விட்டதில்லை. ஜூன் மாசம் 768 இருந்த ஸ்கோர், இப்போ அக்டோபர்ல பார்த்தா 689. யாரோ ஏதோ தப்பு பண்ணியிருக்காங்க. யார் மேல புகார் கொடுக்கணும்?"

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி அனுப்பின மெசேஜ் இது. பேர் வேண்டாம். டிப்ளமோ முடிச்சு ஓசூர் சிப்காட்டில் மூணு வருஷம் வேலை பார்த்தவர். இந்த வருஷம் ஆரம்பத்துல பொம்மசந்திராவுல வேற கம்பெனிக்கு மாறினார். சம்பளம் கொஞ்சம் கூட. வீடு இன்னும் மூக்கண்டப்பள்ளியிலதான். தினமும் ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி, அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியா கம்பெனி பஸ். ராயக்கோட்டை பக்கம் அப்பா பேர்ல ஒரு மனை இருக்கு. அதுல வீடு கட்ட அப்பாவும் மகனும் சேர்ந்து 25 லட்சம் கடன் கேட்கப் போற நேரத்துலதான் இப்படி.

79 பாயின்ட் இறங்கினா என்ன ஆகிடும்னு கேட்கலாம். பல வங்கிகள்ல வீட்டுக் கடன் வட்டியே ஸ்கோரைப் பார்த்துதான் முடிவாகுது. நல்ல ஸ்கோருக்கு ஒரு வட்டி, கொஞ்சம் இறங்கினா அதைவிடக் கூட. 25 லட்சம், 20 வருஷம்னு வச்சுக்கோங்க. 8.5 சதவீதம்னா மாசம் 21,696 ரூபாய். 9 சதவீதம்னா 22,493. மாசம் 797 ரூபாய்தான் வித்தியாசம், பார்க்க சின்னதாத்தான் இருக்கும். 240 மாசம் கட்டி முடிக்கும்போது கூடுதலா போனது சுமார் 1 லட்சத்து 91 ஆயிரம். ஒரு ரூம் கட்டுற காசு.

அதனால அந்தத் தம்பியோட கேள்விக்கு மெசேஜ்ல ரெண்டு வரியில பதில் சொல்லாம, உட்கார்ந்து அவரோட ரிப்போர்ட்டை முழுசா பார்த்தோம். விடை கிடைச்சது. அவர் சொன்னது பொய் இல்லை. ரிப்போர்ட்டும் பொய் சொல்லல.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

நிஜமாவே இறங்குச்சா?

நம்ம ஊர்ல எல்லாத்தையும் "சிபில்"னுதான் சொல்றோம், எந்த போட்டோ காப்பியையும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. ஆனா ரிசர்வ் வங்கி உரிமம் கொடுத்த கடன் தகவல் நிறுவனங்கள் நாலு இருக்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நாலுமே 300 முதல் 900 வரைக்கும்தான் மார்க் போடும். ஆனா நாலும் ஒரே மார்க் போடாது. கணக்குப் போடுற முறை வேற வேற.

நீங்க ஜூன்ல பார்த்தது ஒரு யுபிஐ ஆப்புல. அது எக்ஸ்பீரியன் ஸ்கோரா இருக்கும். அக்டோபர்ல பார்த்தது பேங்க் ஆப்புல. அது சிபிலா இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல 30, 40 பாயின்ட் வித்தியாசம் வந்தா அது இறக்கமே இல்லை. ரெண்டு வாத்தியார் திருத்தின ஒரே பேப்பர். அதனால ஸ்கோருக்குக் கீழ சின்ன எழுத்துல எந்த நிறுவனம், எந்தத் தேதின்னு போட்டிருக்கும், அதை முதல்ல பாருங்க. ஒரே நிறுவனத்தோட பழைய ஸ்கோரையும் புது ஸ்கோரையும் மட்டும்தான் ஒப்பிடணும்.

தம்பியோடது ரெண்டும் சிபில்தான். நிஜமாவே இறங்கியிருக்கு.

அடுத்தது, ஸ்கோரை விட்டுட்டு ரிப்போர்ட்டைத் திறக்கணும். ஆப்புல காட்டுற கலர் மீட்டர் எதுக்கும் உதவாது. 2017 ஜனவரியிலிருந்து நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோட இலவசமா கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. நாலையும் ஒரே நாள்ல எடுக்காம, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா வருஷம் பூரா காசில்லாம கண்காணிக்கலாம். நம்ம ரிப்போர்ட்டை நாமளே பார்த்தா ஸ்கோர் குறையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் பயந்துக்கிட்டே பார்க்காம இருக்கிறவங்க நிறைய பேர்.

ரிப்போர்ட்ல ஒவ்வொரு கடனுக்குக் கீழயும் மாசம் மாசமா ஒரு கட்டம் இருக்கும். டிபிடின்னு போட்டிருப்பாங்க. தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கிற கணக்கு அது. 000ன்னா சரியா கட்டியாச்சு. தம்பியோட பைக் லோன் கட்டத்துல ஜூன் வரைக்கும் வரிசையா 000. ஜூலை 26. ஆகஸ்ட் 26. செப்டம்பர் 25.

"அண்ணா, ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசமும் காசு எடுத்தாங்களே! ஸ்டேட்மெண்ட்ல இருக்கே!"

இருக்கு. அதுதான் இந்தக் கதையே.

27 ரூபாய்

பைக் லோன் எடுக்கும்போது தம்பி ஓசூர் கம்பெனியில இருந்தார். அந்தக் கம்பெனி ஒரு வங்கியில ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்திருந்துச்சு. இஎம்ஐ 3,460 ரூபாய், மாசம் 5-ஆம் தேதி அந்தக் கணக்குல இருந்து ஆட்டோ டெபிட். பொம்மசந்திராவுக்கு மாறினதும் புது கம்பெனி வேற வங்கியில கணக்கு திறக்கச் சொல்லிடுச்சு. எல்லாருக்கும் இப்படித்தான். இஎம்ஐ மேண்டேட்டை மாத்துறது ஒரு நாள் லீவு போட்டு அலையற வேலைன்னு நினைச்ச தம்பி, புதுக் கணக்குல இருந்து மாசம் 3-ஆம் தேதி பழைய கணக்குக்கு 3,500 அனுப்பிட்டே இருந்தார். 40 ரூபாய் கூடவே. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனா சம்பளக் கணக்குல தொடர்ந்து சில மாசம், பெரும்பாலும் மூணு மாசம், சம்பளம் வரலைன்னா அது சாதாரண சேமிப்புக் கணக்கா மாறிடும். மாறின நிமிஷத்துல இருந்து குறைந்தபட்ச இருப்பு வேணும். இல்லைன்னா அபராதம். இது எல்லா வங்கியிலயும் இல்லை, நிறைய வங்கியில இருக்கு.

ஜூலை 3-ஆம் தேதி கணக்குல 110 ரூபாய் இருந்துச்சு. இவர் 3,500 போட்டார். 3,610. வங்கி அபராதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 177 எடுத்துச்சு. மிச்சம் 3,433. 5-ஆம் தேதி 3,460 கேட்டு வந்த டெபிட் திரும்பிப் போச்சு. 27 ரூபாய் குறை.

பவுன்ஸ் ஆனதுக்கு வங்கி 590 எடுத்துச்சு. கடன் கொடுத்த நிறுவனம் பத்து நாள் கழிச்சு திரும்ப ஒரு தடவை முயற்சி பண்ணுச்சு. அதுவும் பவுன்ஸ், இன்னொரு 590. இது எதுவும் தம்பிக்குத் தெரியாது. ஏன்னா அந்தக் கணக்குல இருந்த நம்பர் அவரோட பழைய சிம். கர்நாடகாவுல வேலைன்னு புது சிம் வாங்கினார், பழசுக்கு ரீசார்ஜ் பண்றதை விட்டுட்டார். 90 நாள் தொடாத ப்ரீபெய்ட் நம்பர் செத்துப் போக வாய்ப்பு உண்டு. பழைய வங்கியோட ஆப்பும் பழைய சிம்மோட கட்டியிருந்ததால அதுவும் திறக்கல.

ஆகஸ்ட்ல வழக்கம்போல 3,500 போட்டார். ஏற்கெனவே இருந்த மிச்சத்தோட சேர்த்து காசு போதுமா இருந்துச்சு. 3,460 எடுத்துக்கிட்டாங்க. இங்கதான் கவனிக்கணும். பெரும்பாலான கடன் கணக்குல வர்ற பணம் பழைய பாக்கிக்குத்தான் முதல்ல போகும். ஆகஸ்ட் 5-ஆம் தேதி கட்டின 3,460, ஜூலை தவணைக்குப் போச்சு. ஆகஸ்ட் தவணை அப்படியே நின்னுச்சு. மாசக் கடைசியில கணக்கு எடுத்தா 26 நாள் தாமதம். செப்டம்பர்ல கட்டினது ஆகஸ்டுக்குப் போச்சு, செப்டம்பர் நின்னுச்சு. செப்டம்பருக்கு 30 நாள்தானே, அதனால 25.

ஆக, ஒரே ஒரு தவணைதான் பவுன்ஸ் ஆச்சு. ஆனா அதைத் தனியா கட்டாத வரைக்கும், அதுக்கப்புறம் எத்தனை மாசம் சரியா கட்டினாலும் ரிப்போர்ட்ல ஒவ்வொரு மாசமும் புதுசா ஒரு தாமதம் விழுந்துக்கிட்டே இருக்கும். "நான் ஒரு இஎம்ஐ கூட தவற விட்டதில்லை"ன்னு அவரும் சொல்லலாம், "இவர் மூணு மாசமா லேட்"டுன்னு நிறுவனமும் சொல்லலாம். ரெண்டு பேர் கையிலயும் ஆதாரம் இருக்கு.

பவுன்ஸ்ங்கிற வார்த்தை ரிப்போர்ட்ல வராது. தாமத நாள்தான் வரும். பவுன்ஸ் ஆன அதே வாரத்துல அந்தத் தவணையை லிங்க் மூலமா கட்டியிருந்தா, இந்த அளவுக்கு வந்திருக்காது.

வேலை மாறும்போது

ஓசூர்க்காரங்களுக்கு இது அடிக்கடி நடக்குது. இங்க வேலை மாறுறதுன்னா பல பேருக்கு மாநிலமே மாறுது. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு கம்பெனி மாறாமலே கான்ட்ராக்டர் மாறினாலும் சம்பளக் கணக்கு மாறிடும். சூளகிரி, பர்கூர் பக்கம் இருந்து ஓசூர், ஓசூர்ல இருந்து ஜிகணி, அங்க இருந்து எலக்ட்ரானிக் சிட்டின்னு நாலு வருஷத்துல நாலு பாஸ்புக் வச்சிருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ஒவ்வொரு பாஸ்புக்லயும் ஏதோ ஒரு டெபிட் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

புது கம்பெனியில ஆஃபர் லெட்டர் வந்ததும், ரிசைன் பண்றதுக்கு முன்னாடி, பழைய சம்பளக் கணக்குல இருந்து என்னென்ன ஆட்டோ டெபிட் போகுதுன்னு ஒரு வருஷ ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாருங்க. லோன், இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம். அப்புறம் கடன் நிறுவனத்தோட ஆப்புலயோ கிளையிலயோ மேண்டேட்டைப் புது வங்கிக்கு மாத்தச் சொல்லுங்க. பதிவாக சில நாள், சில சமயம் சில வாரம்கூட ஆகும். புதுக் கணக்குல இருந்து முதல் தவணை போய்ச் சேர்ற வரைக்கும் பழைய கணக்குல ரெண்டு தவணைக்கான பணம் சும்மா கிடக்கட்டும். அந்த 7,000 ரூபாய்க்கு வட்டி போச்சேன்னு கணக்குப் பார்க்காதீங்க.

சம்பளத் தேதியும் மாறும். பழைய கம்பெனியில 30-ஆம் தேதி சம்பளம், புதுசுல 7-ஆம் தேதின்னா, 5-ஆம் தேதி இஎம்ஐ எப்படி நிக்கும்? 5-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வருது, திங்கள்தான் எடுப்பாங்கன்னும் நம்பாதீங்க. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோ டெபிட் நடக்கிற நாச் முறை ஞாயிறு, விடுமுறை நாள்லயும் இயங்குது. இஎம்ஐ தேதியை மாத்தித் தர முடியுமான்னு நிறுவனத்தைக் கேளுங்க. சிலர் செய்வாங்க, சிலர் செய்ய மாட்டாங்க. கேட்டா ஒண்ணும் குறையாது.

நம்பர் விஷயம். 2015 ஜூலையிலிருந்து மாநிலம் மாறினாலும் அதே நம்பரைப் போர்ட் பண்ணி வச்சுக்கலாம். பான், ஆதார், லோன், பேங்க் எல்லாத்துலயும் இருக்கிற நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு கர்நாடகா சிம் வாங்க இப்போ ஒரு காரணமும் இல்லை. ரிசர்வ் வங்கியோட 2023 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, உங்க ரிப்போர்ட்டை ஒரு நிறுவனம் எடுத்துப் பார்த்தாலும், உங்க தாமதத்தை ஒரு நிறுவனம் பதிவு பண்ணினாலும் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரணும். எந்த நம்பருக்கு? அவங்ககிட்ட இருக்கிற நம்பருக்கு.

கட்டியும் இறங்குமா?

இறங்கும். கிரெடிட் கார்டுல.

40,000 லிமிட் உள்ள கார்டு. தீபாவளி ஆஃபர்ல 32,000-க்கு போன் வாங்கினீங்க, "நோ காஸ்ட் இஎம்ஐ". மாசம் கொஞ்சம்தானே கட்டுறோம்னு நீங்க நினைப்பீங்க. ஆனா கார்டுல 32,000 லிமிட் மொத்தமா அடைபட்டிருக்கும். லிமிட்ல 80 சதவீதம் பயன்படுத்தியிருக்கீங்கன்னுதான் பதிவாகும். நாள் தவறாம கட்டினாலும், "இவர் கையில இருக்கிறதெல்லாம் தீர்ந்து போச்சு போல"ன்னு கணக்கு நினைச்சுக்கும். இந்த இறக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். பாக்கி குறையக் குறைய ஸ்கோர் திரும்பும். அடுத்த ரெண்டு மூணு மாசத்துல வீட்டுக் கடன் மாதிரி பெருசா ஏதாவது கேட்கப் போறீங்கன்னா மட்டும், முன்னாடியே பாக்கியை அடைச்சுடுங்க. வேற செலவுக்குப் பயன்படுத்துற கார்டுன்னா, கடைசித் தேதி வரைக்கும் காத்திருக்காம ஸ்டேட்மெண்ட் தேதிக்கு முன்னாடியே கட்டிடலாம்.

இதே கணக்குலதான் பழைய கார்டை மூடினாலும் இறங்குது. 60,000 லிமிட் ஒரு கார்டு, 40,000 லிமிட் ஒரு கார்டு, செலவு 30,000. மொத்தத்துல 30 சதவீதம். பெரிய கார்டை மூடிட்டீங்க. இப்போ அதே 30,000 செலவு 75 சதவீதம். வருஷக் கட்டணம் இல்லாத பழைய கார்டுன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். கட்டணம் கேட்டா மூடுங்க. நாலு பாயின்ட்டுக்காக வருஷம் 1,000 ரூபாய் கட்டுறது என் கணக்குல முட்டாள்தனம்.

கார்டுல இன்னொரு ஆறுதல். ரிசர்வ் வங்கியோட 2022 கார்டு விதிப்படி, கடைசித் தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல போனாத்தான் தாமதம்னு கடன் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லலாம், தாமதக் கட்டணமும் போடலாம். ஒரு நாள் மறந்துட்டா தூக்கம் கெட வேண்டாம். மறுநாளே கட்டிடுங்க. இந்தச் சலுகை கார்டுக்கு மட்டும்தான், லோன் இஎம்ஐக்கு இல்லை.

பைக் ஷோரூம்ல நடக்கிறது

டிவிஎஸ் மோட்டாரும் ஏத்தரும் ஓசூர்ல வண்டி செய்றாங்க, ஓலா எலக்ட்ரிக் போச்சம்பள்ளி பக்கம். செய்ற ஊர்லயும் வண்டி வாங்குறது இஎம்ஐயிலதான். ஆயுத பூஜை சீசன்ல ஷோரூம் போறீங்க. ஆதார், பான் காப்பி கொடுக்கிறீங்க. ஓடிபி சொல்றீங்க. அங்க இருக்கிற ஃபைனான்ஸ் ஆள் உங்க விண்ணப்பத்தை ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவார். அது ஓகே ஆகலைன்னா அடுத்தது. சில சமயம் மூணுக்கும் ஒரே நேரத்துல. நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க ரிப்போர்ட்ல மூணு என்கொயரி. அமெரிக்காவுல ஃபிகோ ஸ்கோர்ல, குறிப்பிட்ட நாளுக்குள்ள கார் லோனுக்காகப் பல இடத்துல விசாரிச்சா அதை ஒண்ணாவே எண்ணுவாங்க. இங்கயும் அப்படித்தான்னு சிலர் வீடியோ போடுறாங்க. அதை நம்பி நாலு இடத்துல ஓடிபி கொடுக்காதீங்க. "எந்த நிறுவனத்துக்கு அனுப்புறீங்க? ஒண்ணுக்கு மட்டும் அனுப்புங்க, அது ஆகலைன்னா என்னைக் கேட்டுட்டு அடுத்தது"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. என்கொயரியால வர்ற இறக்கம் சின்னது, சில மாசத்துல சரியாகும். புது லோன் கேட்கிறதுக்கு முன்னாடி மூணு மாசம் சும்மா இருந்தா போதும்.

இதைவிட அதிகமா கேட்கிற கேள்வி, "ரிப்போர்ட்ல நான் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தோட கடன் இருக்கு, மோசடியா?" முக்கால்வாசி நேரம் மோசடி இல்லை. நீங்க ஆப்புல "இப்போ வாங்கு, அப்புறம் கொடு"ன்னு ஒரு பட்டனை அமுக்கியிருப்பீங்க. ஆப்போட பேர் ஒண்ணு, பின்னாடி கடன் கொடுக்கிற நிறுவனத்தோட பேர் வேற. 2022 செப்டம்பர்ல வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி, எவ்வளவு சின்ன தொகையா இருந்தாலும், எவ்வளவு குறுகிய காலமா இருந்தாலும், அப்புறம் கட்டுற வசதியா இருந்தாலும், அது கடன் தகவல் நிறுவனத்துக்குப் போயே ஆகணும். ஷூ வாங்கின 900 ரூபாயும் கடன்தான்.

மீதி கால்வாசி நிஜ மோசடி. 2022 பிப்ரவரியில நடிகை சன்னி லியோன், தன்னோட பான் நம்பரை வச்சு யாரோ 2,000 ரூபாய் கடன் எடுத்துட்டாங்க, சிபில் ஸ்கோர் கெட்டுப்போச்சுன்னு ட்விட்டர்ல கோபமா எழுதினார். அவருக்கே அந்த நிலைன்னா, ரூம் புரோக்கர்கிட்டயும் கான்ட்ராக்டர் ஆபீஸ்லயும் பான் காப்பி கொடுத்துட்டு வர்ற நம்ம நிலைமை? காப்பியில எதுக்காகக் கொடுத்ததுன்னும் தேதியும் குறுக்க எழுதிக் கொடுங்க. முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனா திருடனுக்குக் கொஞ்சம் சிரமம்.

அடுத்தவர் கடன், பழைய கடன்

பேச்சுலர் ரூம்ல ஒருத்தர் லோனுக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடுறது சாதாரணம். கையெழுத்துப் போட்டா அது உங்க ரிப்போர்ட்லயும் வரும், ஜாமீன்தாரர்னு. நண்பன் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் தவணையை நிறுத்தினா, உங்க ஸ்கோரும் அவனோட சேர்ந்து இறங்கும். போடவே கூடாதுன்னு நான் சொல்லல. போட்டா, அந்தக் கடனையும் உங்க கடனா நினைச்சு மாசம் ஒரு தடவை விசாரிங்க.

நகைக் கடனும் இதுல சேர்த்தி. நகைதான் அவங்ககிட்ட இருக்கேன்னு வருஷம் முடிஞ்சும் திருப்பாம, வட்டியும் கட்டாம விட்டா, அதுவும் தாமதம்தான்.

படிப்புக் கடன் இன்னும் மோசம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் பொதுவா தவணை இல்லை. அந்தக் காலம் முடிஞ்ச தேதியை யாரும் காலண்டர்ல குறிச்சு வைக்கிறதில்லை. வங்கி அனுப்புற கடிதம் ஊர் வீட்டுக்குப் போகும், அப்பா அதை டிவி பெட்டி மேல வச்சிருப்பார். தள்ளுபடி வரும்னு காத்திருக்கிறவங்களும் உண்டு. வங்கி வேலைக்கு முயற்சி பண்றவங்க இதை ரொம்ப கவனமா கேளுங்க. பாரத ஸ்டேட் வங்கியில அதிகாரி வேலைக்குத் தேர்வாகி, பணி ஆணையும் வாங்கின ஒருத்தரோட நியமனம், கடன் வரலாறு சரியில்லைன்னு 2021-இல் ரத்தாச்சு. 2020 அறிவிப்புலயே அந்த நிபந்தனை இருந்துச்சு. பழைய கடனை எல்லாம் கட்டியாச்சுன்னு அவர் சென்னை உயர் நீதிமன்றத்துல வாதாடிப் பார்த்தார். 2025-இல் நீதிமன்றம் வங்கி செஞ்சது சரிதான்னு சொல்லிடுச்சு. மக்கள் பணத்தைக் கையாளப் போறவருக்குத் தன் பணத்துல ஒழுங்கு வேணும்கிறதுதான் வங்கி தரப்பு வாதம். எனக்கு இதுல முழு சம்மதம் இல்லை. வேலை இல்லாதவன் கடனை எப்படிக் கட்டுவான், கடன் கட்டாதவனுக்கு வேலை இல்லைன்னா? ஆனா சட்டம் இன்னைக்கு அங்கதான் நிக்குது.

தப்பு அவங்க பக்கம்னா

கட்டி முடிச்ச லோன் இன்னும் பாக்கின்னு காட்டுது, உங்க பேர்லயே இருக்கிற வேற ஒருத்தரோட கடன் உங்க ரிப்போர்ட்ல உட்கார்ந்திருக்குன்னா புகார் கொடுக்கலாம். இனிஷியல் வச்சு வாழ்ற நமக்கு இந்தப் பேர்க் குழப்பம் வர வாய்ப்பு அதிகம். பான்ல அப்பா பேர் விரிவா இருக்கும், ஆதார்ல ஒத்தை எழுத்தா இருக்கும். ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க.

புகாரை கடன் நிறுவனத்துக்கும் கொடுங்க, அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்த கடன் தகவல் நிறுவனத்தோட வெப்சைட்லயும் பதிவு பண்ணுங்க. காசு கிடையாது. சிபில் தானா எதையும் மாத்த முடியாது; கடன் கொடுத்தவர் சரின்னு சொன்னாத்தான் மாறும். ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் 30 நாள் அவகாசம். அதைத் தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் இறுதியில இருந்து இந்த விதி நடைமுறையில இருக்கு. புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலைன்னா இந்த 100 ரூபாயைக் கேட்கவே முடியாது. 30 நாள் ஆகியும் பதில் இல்லை, வந்த பதில்லயும் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன் இருக்கார். 14448-க்கு போன் பண்ணி எப்படிப் பதியணும்னு கேட்டுக்கலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர்ல இருந்து அந்தத் திட்டத்துக்குள்ள வந்தாச்சு.

"5,000 கொடுங்க, ஒரு வாரத்துல 800 ஆக்கித் தர்றோம்"னு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டீஸ் ஒட்டுறவங்களுக்கு இதுல எந்தத் தனி வழியும் இல்லை. நீங்க இலவசமா பண்ற அதே புகாரைத்தான் அவங்களும் பண்ணுவாங்க, உங்க பான், ஓடிபி ரெண்டையும் வாங்கிக்கிட்டு.

கட்ட முடியாம "செட்டில்மெண்ட்" பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 40,000 பாக்கியை 22,000-க்கு முடிச்சுத் தர்றேன்னு கலெக்‌ஷன் ஆள் சொன்னா சந்தோஷமாத்தான் இருக்கும். ரிப்போர்ட்ல அது "செட்டில்டு"ன்னு பதியும், "க்ளோஸ்டு"ன்னு இல்லை. பல வருஷம் கூடவே வரும். எப்படியாவது முழுசா கட்ட முடியும்னா முழுசா கட்டுங்க. முடியவே முடியாதுன்னா செட்டில் பண்ணிட்டு, மறக்காம கடிதம் வாங்குங்க.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். புகார் கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். தாமதம் நிஜம், புகார் நிராகரிக்கப்படும், நேரம்தான் போகும். அன்னைக்கே நின்னுக்கிட்டிருந்த ஒரு தவணையையும் பவுன்ஸ் கட்டணத்தையும் கட்டினார். நிறுவனத்துக்கிட்ட கணக்கு விவரம் வாங்கிப் பார்த்ததுல பாக்கி பூஜ்யம். 2025 ஜனவரியிலிருந்து கடன் நிறுவனங்கள் மாசத்துக்கு ரெண்டு தடவை தகவல் அனுப்பணும். அனுப்ப ஏழு நாள், பதிவேற்ற அஞ்சு நாள் அவகாசம். அதனால மாச முடிவுக்குள்ள அந்த அக்டோபர் கட்டத்துல 000 விழுந்துடுச்சு. 26, 26, 25 மூணும் அழியாது. ரிப்போர்ட்ல 36 மாசக் கட்டம் தெரியும்; அது வரைக்கும் இருக்கும். ஆனா நாள் ஆக ஆக அதோட பாரம் குறையும்.

வீட்டுக் கடன் விண்ணப்பத்தை ஆறு மாசம் தள்ளி வைக்கலாம்னு அப்பாகிட்ட பேசியிருக்கார். அப்பாவுக்குக் கோபம், மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போடணும்னு மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துட்டாராம். இப்போதைக்கு கையில இருக்கிற காசுல அஸ்திவாரம் வரைக்கும் போட்டுட்டு, கடனை சித்திரைக்கு அப்புறம் கேட்கிறதுன்னு முடிவு. பழைய வங்கிக் கணக்கை மூடியாச்சு. மூடும்போது அதுல 61 ரூபாய் இருந்துச்சாம்.